மணல்வெளியும் மாளிகையும்

சென்னை எழும்பூரில், கும்பினியார் காலத்தில், அனாதைப் பையன்களுக்கென்று ஒரு விடுதிப் பள்ளிக்கூடம் இருந்தது. 1789-ஆம் ஆண்டில் அதன் மேற்பார்வைக்கு வந்து சேர்ந்தார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒரு நாள் வழியில் ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை எழுதிப் படித்துக் கொண்டிருந்தார்கள். ஏடு வேண்டாம், எழுத்தாணி வேண்டாம், காசும் வேண்டாம். பாதிரியாருக்கு அது பெரிய ஞானோதயமாகி விட்டது. தம் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். மூத்த பையன்களைக் கொண்டே இளைய பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் செய்தார். பிறகு சீமைக்குத் திரும்பி, 'மதராஸ் முறை' என்று அதற்குப் பெயரும் சூட்டி, அங்கேயும் பரப்பினார்.

நாவிதர் ஒருவருக்கு மகனாகப் பிறந்த அவர் 1832-ல் இறந்தபோது பெரும் பணக்காரர். அதில் பெரும் பங்கைத் தாம் பிறந்த ஊருக்கு எழுதி வைத்தார். 1833-ல் அங்கே ஒரு பள்ளிக்கூடம் எழுந்தது. அதன் பெயர் 'மதராஸ் காலேஜ்'. சென்னைக்கு மதராஸ் என்ற பெயர் போய் விட்டாலும், அந்தச் சின்ன ஊரில் அது இன்றும் நிலைத்திருக்கிறது.

அந்த ஊர்தான் செயின்ட் ஆண்ட்ரூஸ். அங்கே மணலுக்கு இன்னொரு கதையும் உண்டு. பெல் பாதிரியார் நம்மிடம் கண்ட மணலில் ஏழைப் பிள்ளைகள் எழுத்துக் கற்றார்கள். அவருடைய ஊர்க் கடற்கரை மணலிலோ உலகத்துச் சீமான்களெல்லாம் இன்று கோல்ப் ஆடுகிறார்கள். அந்த மணல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை நானூறு ஆண்டுக் காலம் அந்த ஊர் விடாமல் கேட்டு வந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். எனக்குக் கோல்ப் ஆடத் தெரியாது. ஆனால் நிலத் தகராறு என்றால் நம்மில் யாருக்குத்தான் புரியாது?

*

ஸ்காட்லாந்தின் கீழ்க் கரையிலே, வட கடலைப் பார்த்தபடி இருக்கிறது செயின்ட் ஆண்ட்ரூஸ். இடிந்து போன பெரிய மாதா கோயில் ஒன்று, 1413-ல் தோன்றிய பல்கலைக்கழகம் ஒன்று, அவற்றைச் சுற்றிக் கல் வீடுகள். ஊரின் எல்லை தாண்டினால், கடலுக்கும் உழவு நிலத்துக்கும் நடுவே நீளமாகக் கிடக்கிறது ஒரு மணற் பிரதேசம். கடல் பின்வாங்கிய இடத்தில் காற்று மணலை அள்ளிக் கொட்டி மேடும் பள்ளமுமாக்கி, மேலே குட்டையான புல்லை முளைக்க விட்டிருக்கிறது. ஏர் பிடிக்க உதவாது. கோதுமை விளையாது. ஆடு மேயும், முயல் வளை தோண்டும், பறவை கத்தும். இத்தகைய நிலத்துக்கு அந்நாட்டார் 'லிங்க்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். நாம் ஊர்ப் புறம்போக்கு என்று சொல்லுவோம்.

ஒன்றுக்கும் உதவாத நிலம் என்பதால்தான் அது எல்லாருக்கும் உதவிற்று. பெண்கள் துணி வெளுத்து அங்கே உலர்த்தினார்கள். கூரைக்குப் புல் கரணை வெட்டி எடுத்தார்கள். பையன்கள் பந்து உதைத்தார்கள். இன்னும் சிலர் வளைந்த கோலால் ஒரு சின்னப் பந்தை அடித்துக் குழியில் தள்ளினார்கள். இந்தக் கடைசி ஆட்டத்தின் பைத்தியம் நாடு முழுவதும் எப்படிப் பிடித்திருந்தது என்பதற்கு அரசாங்க சாட்சியமே இருக்கிறது. 1457-ல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் பார்லிமெண்டு, ஜனங்கள் வில்வித்தையை மறந்து விட்டார்கள் என்று கோபித்துக் கொண்டு, கால்பந்தையும் கோல்பையும் தடை செய்தது. 1471-லும் 1491-லும் மறுபடியும் தடை. ஒரே தடையை மூன்று தடவை போட வேண்டியிருந்தது என்றால், ஜனங்கள் அதை எவ்வளவு மதித்தார்கள் என்று தெரிந்து கொள்ளலாம். இங்கிலாந்தோடு 1502-ல் சமாதானம் ஏற்பட்டதும் நான்காம் ஜேம்ஸ் மன்னரே, பெர்த் நகரத்தில் வில் செய்பவன் ஒருவனிடம் கோல்ப் கோல்கள் வாங்கினார். வில் செய்தவனே கோலும் செய்தான் என்பது ரசமான விஷயம்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஜனங்களின் உரிமை காகிதத்தில் ஏறியது 1552-ல். அப்போது ஊருக்குப் பெரிய மதத் தலைவர் ஜான் ஹாமில்டன். அவருக்கு மணல்வெளியில் முயல் வளர்க்க ஆசை. ஊரார் சம்மதித்தார்கள். பதிலுக்கு அவரிடம் ஒரு சாசனம் எழுதி வாங்கினார்கள். நிலம் ஊருக்குப் பொது; கோல்ப் ஆடலாம், பந்து உதைக்கலாம், அம்பு எய்யலாம், ஆடு மாடு மேய்க்கலாம்; முயலும் இருக்கலாம். இப்படி ஒரே தாளில் ஆட்டமும் முயலும் அருகருகே குடியேறின. ஹாமில்டன் அரசியல் சுழலில் அகப்பட்டு 1571-ல் தூக்கிலிடப்பட்டார். அவர் எழுதிய சாசனம் மட்டும் சாகவில்லை. பிற்காலத்தில் ஊரார் அதைத்தான் ஆதாரமாகக் கையில் பிடித்துக் கொண்டார்கள்.

*

பெல் பாதிரியார் பிறந்த அடுத்த ஆண்டு, 1754 மே மாதம் 14-ஆம் தேதி, அக்கம்பக்கத்துப் பிரபுக்களும் சீமான்களுமாக இருபத்திரண்டு பேர் கூடினார்கள். தங்களைச் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்பர் சங்கம் என்று சொல்லிக் கொண்டார்கள். சந்தா போட்டு ஒரு வெள்ளிக் கோல் செய்து, அதைப் பரிசாக வைத்து ஆடினார்கள். எடின்பரோவுக்குப் பக்கத்தில் லீத் என்ற ஊரில் விளையாடிய கனவான்கள் 1744-ல் பதின்மூன்று விதிகள் எழுதியிருந்தார்கள். அவற்றையே ஏறக்குறைய அப்படியே எடுத்துக் கொண்டார்கள். இதுதான் உலகப் பிரசித்தி பெற்ற கிளப்பின் பிறப்பு. பிறந்தபோது அதற்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை. ஊரார் நிலத்தில் ஊராரைப் போலவே ஆடினார்கள்.

கோல்ப் என்றால் பதினெட்டுக் குழிகள் என்று இன்று உலகம் முழுவதும் கணக்கு. ஏன் பதினெட்டு என்பதற்கு சாஸ்திரம் எதுவும் கிடையாது. அன்று இந்த மணல்வெளியில் குறுகலான ஒரே பாதை. கடலோரமாகப் போய், அதே குழிகளில் திரும்பி ஆடிக்கொண்டு வர வேண்டும். போக வர இருபத்திரண்டு குழிகள். 1764-ல், முதல் நான்கு குழிகள் மிகவும் குட்டையாக இருக்கின்றன என்று அவற்றை இரண்டாக்கினார்கள். திரும்பும் வழியிலும் நான்கு இரண்டாயிற்று. மிச்சம் பதினெட்டு. ஓர் ஊரின் சௌகரியம் உலகத்துக்குச் சட்டமாயிற்று.

இந்த நிலையில் வந்தது ஆபத்து.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நகரசபைக்குக் கடன் கழுத்தை நெரித்தது. 1797-ல் மணல்வெளியை விற்று விட்டார்கள். கோல்ப் ஆடுவதற்கு இடையூறு கூடாது என்று ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்கள். சீக்கிரமே அது டெம்ப்ஸ்டர் என்ற வியாபாரக் குடும்பத்தின் கைக்கு வந்தது. அவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். பயிர் விளையாது. ஆனால் முயல் விளையுமே! முயலுக்கு இறைச்சியும் உண்டு, தோலும் உண்டு. முயல்களைக் கொண்டு வந்து விட்டார்கள்.

முயலுக்குக் கிளப் விதிகள் தெரியாது. எங்கே பார்த்தாலும் வளை தோண்டிற்று. அடித்த பந்து வளைக்குள் போயிற்று. கோல்பர்கள் கொதித்தார்கள். 'நிலம் எங்களுடையது, பணம் கொடுத்து வாங்கினோம்' என்றார்கள் டெம்ப்ஸ்டர்கள். 'ஆட்டம் எங்களுடையது, இருநூற்றைம்பது வருஷத்துச் சாசனம் இருக்கிறது' என்றார்கள் மற்றவர்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நாம் சொல்லுவோமே, அது அங்கே அட்சரம் பிசகாமல் பலித்தது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஊர் ஜனங்கள் முயல்களைக் கொல்லலாம் என்றுகூட ஸ்காட்லாந்து நீதிமன்றம் ஒரு கட்டத்தில் சொல்லி விட்டது. உடனே ஊரே வேட்டைக்குக் கிளம்பியது. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? வழக்கு லண்டனில் பிரபுக்கள் சபை வரையில் ஏறி, 1813-ல் மறுபடியும் கீழே இறங்கி வந்தது. முடிவுதான் ஏற்படவில்லை. வக்கீல்களைத் தவிர ஒருவருக்கும் லாபமில்லை.

கடைசியில் 1821-ல், பக்கத்து ஸ்ட்ராத்டைரம் பண்ணையின் சொந்தக்காரர் ஜேம்ஸ் சீப் அந்த நிலத்தை வாங்கினார். அவர் கோல்ப் கிளப்பைச் சேர்ந்தவர். முயல் சகாப்தம் முடிந்தது. அவர் வாங்கியிராவிட்டால் இன்று அந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பது சிரமமில்லை. நம் ஊர்களில் ஏரியும் மேய்ச்சல் தரையும் போன வழியைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும்.

*

அதற்குப் பிறகு கிளப்புக்கு ஏறுமுகம். 1834-ல் நான்காம் வில்லியம் மன்னர் ஆதரவாளராக இருக்கச் சம்மதித்தார். 'ராயல் அண்டு ஏன்ஷண்ட்' என்று, அதாவது 'அரச பரம்பரையும் ஆதிப் பரம்பரையும்' சேர்ந்த ஒரு பட்டப் பெயர் கிடைத்தது. 1854-ல் முதல் குழியின் எதிரே கல் மாளிகை எழுந்தது. கண்ணாடி ஜன்னல்களுக்குப் பின்னாலிருந்து கனவான்கள் மணல்வெளியைப் பார்த்தார்கள். விதி சொல்லும் அதிகாரமும் மெல்ல அவர்களிடம் வந்து சேர்ந்தது. 1897-ல் விதிக் குழு ஒன்றே ஏற்படுத்தினார்கள்.

ஆனால் ஆட்டத்தைக் கட்டிக் காத்தவர்கள் மாளிகைக்கு வெளியே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் டாம் மாரிஸ். 1821-ல், நிலம் சீப் கைக்கு வந்த அதே ஆண்டில், அந்த ஊரிலேயே பிறந்தவர். ஆலன் ராபர்ட்சன் என்ற பந்து செய்பவரிடம் சிறு வயதில் வேலைக்குச் சேர்ந்தார். அக்காலத்துப் பந்து தோலால் ஆனது. ஒரு தொப்பி நிறைய வாத்து இறகை வேக வைத்து, சின்னத் தோற்பைக்குள் திணித்துத் தைக்க வேண்டும். நாள் முழுவதும் உழைத்தாலும் மூன்று நான்கு பந்துகள்தான் தேறும். நெஞ்சு வலிக்கும், விலை கனக்கும். மழையில் நனைந்தால் பந்து போச்சு.

1848-ஐ ஒட்டிப் புதுப் பந்து வந்தது. மலேயாக் காட்டு மரத்தின் பாலிலிருந்து எடுக்கும் கட்டாபெர்ச்சாவைச் சூடு பண்ணி உருட்டிச் செய்வது. அந்த ஊர்ப் பாதிரியார் ஒருவருக்குக் கிழக்குத் தேசத்திலிருந்து விஷ்ணு விக்கிரகம் ஒன்று வந்ததாகவும், அது உடையாமலிருக்கச் சுற்றிலும் அடைத்து வந்த கட்டாபெர்ச்சாவைத்தான் அந்த வீட்டுப் பிள்ளை முதலில் பந்தாக்கினான் என்றும் ஒரு கதை நெடுநாளாக வழங்கி வருகிறது. கதை மெய்யோ பொய்யோ, காக்கும் கடவுளின் பெயரால் இறகுப் பந்துத் தொழில் அழிந்தது என்பது வேடிக்கைதான்.

தொழிலுக்கு எமன் வந்து விட்டான் என்று ராபர்ட்சன் பயந்தார். டாம் ஒரு நாள் புதுப் பந்தால் ஆடினார் என்று தெரிந்ததும் இருவருக்கும் பிரிவு ஏற்பட்டது. 1851-ல் டாம், மேல் கரையில் உள்ள பிரஸ்ட்விக் என்னும் ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு குழிகள் கொண்ட மைதானம் ஒன்றை அமைத்தார். 1860 அக்டோபர் 17-ஆம் தேதி அங்கேதான், எட்டே எட்டு ஆட்டக்காரர்களோடு, 'ஓபன்' என்று உலகமே இன்று கொண்டாடும் போட்டி முதன் முதலாக நடந்தது. டாம் அதில் இரண்டாவதாக வந்தார். பிறகு நான்கு முறை ஜயித்தார். அவர் மகன், அவனும் டாம்தான், அப்பாவை மிஞ்சி 1868 முதல் வரிசையாக நான்கு போட்டிகளில் ஜயித்தான். 1875-ல் அவனுடைய மனைவி பிரசவத்தில் இறந்தாள், குழந்தையும் இறந்தது. அதே ஆண்டுக் கிறிஸ்துமஸ் தினத்தில் அவனும் போய் விட்டான். வயது இருபத்து நாலு.

தகப்பனார் அதற்குப் பிறகும் முப்பத்திரண்டு வருஷம் இருந்தார். 1860-களின் நடுவில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிளப் அவரைத் திரும்ப அழைத்து மைதானக் காவலராக்கியிருந்தது. வருஷச் சம்பளம் ஐம்பது பவுன். கையில் ஒரு மண்வெட்டி, ஒரு தள்ளுவண்டி. தேய்ந்து போன புல்லின் மேல் மணலைத் தூவினால் புல் செழிக்கும் என்று கண்டு பிடித்து, ஓயாமல் மணல் தூவிக் கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் கூடாது, தரைக்கு ஓய்வு வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அகலப்படுத்தினார், மேடு நிரவினார், குழி மாற்றினார்.

அந்த மாளிகையில் அவர் அங்கத்தினராகவில்லை. கைத்தொழில் செய்து பிழைப்பவர் கனவான்கள் கிளப்பில் சேருவது அக்காலத்து வழக்கமல்ல. ஆனால் பெரிய சித்திரக்காரரைக் கொண்டு கிளப் அவருடைய உருவப்படத்தை எழுதச் செய்து, மாளிகைச் சுவரில் மாட்டிக் கொண்டது. 1908-ல் அவர் மறைந்தார். பதினெட்டாவது குழிக்கு இன்று அவர் பெயர்தான். ஆளை வெளியே நிறுத்திப் படத்தை உள்ளே வைத்த இந்தக் காட்சியை நினைக்கும்போது நம்மால் அவர்களைப் பார்த்துச் சிரிக்க முடிவதில்லை. நம் கலைஞர்களுக்கும் நாம் இதைத்தானே செய்திருக்கிறோம்?

பெண்கள் சங்கதியும் இப்படித்தான். 1867-லேயே பெண்கள் அந்த மணல்வெளியின் ஒரு மூலையில், பந்தை மெல்லத் தட்டி ஆடும் ஒரு கிளப் தொடங்கினார்கள். மேடு பள்ளம் நிறைந்த அந்த இடத்துக்கு 'ஹிமாலயம்' என்று பெயர். மாளிகைக் கிளப்பில் பெண்களைச் சேர்ப்பதற்கு ஓட்டெடுத்தது 2014 செப்டம்பர் 18-ஆம் தேதி. நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் சரி என்றார்கள். இருநூற்று அறுபது ஆண்டு யோசித்த பிறகு!

*

நிலத்தின் கதையை விட்ட இடத்துக்கு வருவோம். சீப் குடும்பத்தாரிடமிருந்து 1893-ல் கிளப் மணல்வெளியை விலைக்கு வாங்கியது. வீடும் நமது, நிலமும் நமது என்று கனவான்கள் திருப்தியாக மூச்சு விட்டிருப்பார்கள். ஊரார் விடவில்லை. முப்பாட்டன் காலத்து உரிமையை விலைக்கு வாங்க இவர்கள் யார் என்று கேட்டார்கள். 1894-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. மணல்வெளி நகரசபைக்குத் திரும்பிற்று. தரையைப் பராமரிக்கும் பொறுப்பும், பக்கத்தில் இன்னொரு மைதானம் அமைக்கும் பொறுப்பும் கிளப்புக்கு வந்தன. ஊர்க்காரர்கள் வெகு காலம் வரையில் காலணா கொடுக்காமல் ஆடினார்கள். 1974-ல் இன்னொரு சட்டத்தின் மூலம் ஒரு தர்ம ஸ்தாபனம் ஏற்பட்டு, எல்லா மைதானங்களையும் அதுவே நிர்வகித்து வருகிறது. உலகப் பெரும் கோல்ப் கிளப்புக்கு எதிரே கிடக்கும் மைதானம் அந்தக் கிளப்புக்குச் சொந்தமில்லை. கிளப்பாரும் முறை வாங்கிக் கொண்டுதான் ஆட வேண்டும். முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் குறுக்கே ஒரு பொதுப் பாதை போகிறது. கைக்குழந்தையோடு ஒரு தாய் அதில் கடற்கரைக்கு நடந்தால், எவ்வளவு பெரிய ஆட்டக்காரராயிருந்தாலும் கோலை ஊன்றிக் கொண்டு காத்திருக்கத்தான் வேண்டும்.

இந்த ஊருக்கு 1921-ல் பாபி ஜோன்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் ஆட வந்தார். பதினோராவது குழியில் மணற்பள்ளத்தில் சிக்கித் தவித்து, கோபத்தில் ஆட்டத்தையே விட்டு விட்டார். ஊரார் மறந்திருக்கலாம், அவர் மறக்கவில்லை. 1927-ல் திரும்பி வந்து அங்கேயே ஜயித்தார். ஜயித்த கோப்பையை அந்த ஊரிலேயே வைத்திருக்கும்படி சொல்லி விட்டுப் போனார். பிறகு முதுகுத் தண்டில் ஒரு கொடிய நோய் வந்தது. கோலைத் தூக்கிய கை கைத்தடியைப் பிடித்தது. 1958 அக்டோபரில் அவரை அழைத்து, ஊரின் கௌரவப் பிரஜையாக்கினார்கள். அமெரிக்கர்களில் அவருக்கு முன்னால் அந்தப் பெருமை பெற்றவர் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒருவர்தான்.

அன்று அந்த மனிதருக்கு என்னென்ன உரிமைகள் கிடைத்தன தெரியுமா? மணல்வெளியில் முயல் பிடிக்கலாம். புல் கரணை வெட்டிக் கொள்ளலாம். முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் உள்ள தரையில் தம்முடைய துணிகளை உலர்த்திக் கொள்ளலாம்! ஆட்டத்தின் சிகரத்தைத் தொட்டவருக்கு அந்த ஊர் தங்கத்தையும் வைரத்தையும் கொடுக்கவில்லை. தங்களிடம் இருந்த மிகப் பெரிய செல்வத்தைக் கொடுத்தார்கள். அவருடைய உரிமை ஒரு சாதாரண ஊர்க்காரனுடைய உரிமை, அவ்வளவுதான். அதைக் கேட்டு அவர் கண் கலங்கியிருந்தால் ஆச்சரியமில்லை.

டாம் மாரிஸ் ஏற்படுத்திய கட்டுப்பாடு இன்றும் இருக்கிறது. பெரிய போட்டிகள் நடக்கும் சமயம் தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டம் இல்லை. அன்று கோலும் பந்தும் ஓய்வெடுக்கும். ஊர் ஜனங்கள் நாய்களை அவிழ்த்து விட்டுக் கொண்டு, உலகத்தின் விலை மதிப்பற்ற அந்தப் புல்தரை மேல் உல்லாசமாக நடக்கிறார்கள். குழந்தைகள் ஓடுகின்றன. ஏதாவதொரு குழந்தை மணற்பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்து, விரலால் தன் பெயரை எழுதிப் பார்க்காமலா இருக்கும்? பெல் பாதிரியார் இருந்தால் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார். மாளிகை ஜன்னல்களிலிருந்து பார்ப்பவர்கள் யாரானாலும் சரி, எழுந்து போ என்று அந்தக் குழந்தையை அதட்ட அவர்களுக்கு அதிகாரம் கிடையாது.